‘ஹீட்’ என்பதற்குத் தமிழில் என்ன: கடுப்பு ஒன்றா, இரண்டா?

முனிர்காவிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம்.

முன்கூட்டியே கதை எழுதி ஆடும் டபிள்யூ.டபிள்யூ.ஈ மல்யுத்தத்தின் பழைய கூண்டு ஆட்டங்களைப் பற்றித் தமிழில் ஒரு தொடர் எழுதிக்கொண்டிருக்கிறேன். 2019 அக்டோபர் 6 அன்று அமெரிக்காவின் சாக்ரமென்டோவில் நடந்த ஹெல் இன் எ செல் என்ற கூண்டு ஆட்ட நிகழ்ச்சி வரை வந்தாயிற்று. அங்கே கூட்டத்தின் கோபத்தைக் குறிக்கிற ‘ஹீட்’ என்ற சொல் வழிமறிக்கிறது.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக. செத் ராலின்ஸ் சாம்பியன். எதிரே ‘தி ஃபீண்ட்’ என்ற முகமூடி வேடத்தில் பிரே வயட். அந்த வேடம் மேடையேறி மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் கூட்டம் அவர் பக்கம் சாய்ந்திருந்தது. ஆட்டம் முழுக்கச் சிவப்பு விளக்கைப் போட்டு வைத்ததில் யார் கை, யார் கால் என்றே தெரியவில்லை. ராலின்ஸ் தன் வழக்கமான மிதியைத் திரும்பத் திரும்ப மிதிக்கிறார், ஃபீண்ட் எழுந்துகொண்டே இருக்கிறார். கடைசியில் வயட்டின் தலைமேல் நாற்காலியையும் ஏணியையும் அடுக்கி, கருவிப் பெட்டியால் அடித்து, அதற்கும் மேல் சம்மட்டியால் போட்டதும் ரெஃபரி மணியடிக்கச் சொல்லிவிட்டார். ஆட்டம் நிறுத்தம், வெற்றியும் இல்லை தோல்வியும் இல்லை. கூட்டம் ‘காசைத் திருப்பிக் கொடு’ என்று கோஷம் போட்டது. நாலு நாள் முன்பு வாராந்திர ஒளிபரப்பைத் தொடங்கியிருந்த போட்டி நிறுவனமான ஏ.ஈ.டபிள்யூ பெயரையும் சேர்த்துக் கத்தினார்கள்.

நம் ஊரில் அப்போது ஆயுத பூஜைக் காலை. வீட்டில் அம்மா அரிவாள்மனை, சுத்தியல், திருப்புளி எல்லாவற்றையும் கழுவிச் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். டிவியில் சம்மட்டி வந்ததும் நிமிர்ந்து பார்த்து, “இன்னைக்கு அதை எடுக்கக் கூடாதுன்னு அவனுக்கு யாரும் சொல்லலையா?” என்றார். அந்த ஆட்டத்தைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் அதுதான் உருப்படி.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். வில்லன் மேடையேறியதும் கூட்டம் ஊளையிட்டால் அது ஹீட். அது அவர் தொழிலின் வெற்றி. அதே கூட்டம் கதையை எழுதியவர்கள்மேல் எரிச்சல்பட்டு ஊளையிட்டாலும் ஆங்கில ரசிகர்கள் ஹீட் என்றுதான் சொல்கிறார்கள், முன்னால் ஏதாவது ஒட்டுப் போட்டுக்கொண்டு. நாம் ‘ரசிகர்கள் கடுப்பானார்கள்’ என்று எழுதினால் இரண்டில் எது என்று படிப்பவருக்குப் புரியாது. என் யோசனை: முதலாவது வேடக்கடுப்பு, இரண்டாவது கதைக்கடுப்பு. கருத்துச் சொல்லுங்கள். தயவுசெய்து ‘வெப்பம்’ மட்டும் வேண்டாம்.

ஆர்.கே.புரத்திலிருந்து:

தம்பி, ‘கடுப்பு’ தெருச்சொல். நாளைக்கு அகராதியில் ஏற வேண்டிய சொல்லைத் தெருவில் எடுக்க வேண்டுமா? தொல்காப்பியம் உணர்ச்சிகளுக்குச் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில் வெகுளி என்ற கோபமும் உண்டு, இளிவரல் என்ற இழிவுணர்வும் உண்டு. வில்லன்மேல் வருவது வெகுளி. மோசமான நிகழ்ச்சிமேல் வருவது இளிவரல். இரண்டாயிரம் ஆண்டாக இருக்கிற சொற்கள் இருக்கும்போது புதிதாக எதற்கு?

மயூர் விஹாரிலிருந்து:

ஐயா சொன்னது அழகாக இருக்கிறது, ஆனால் ஸ்மாக்டவுன் என்ற மல்யுத்த நிகழ்ச்சி பார்க்கிற என் பையனிடம் ‘இளிவரல்’ என்றால் பல்லை இளிக்கிறதா என்பான். கடுப்பு எனக்குச் சம்மதம். ஆனால் நீர்க்கடுப்பு, வயிற்றுக்கடுப்பு வரிசையில் கதைக்கடுப்பும் வந்து நிற்கிறதே, மருந்துக்கடைச் சீட்டு மாதிரி?

இன்னொரு கேள்வி. 2017 டிசம்பர் 9, நம் டெல்லி இந்திரா காந்தி உள்ளரங்கம். பஞ்சாபி வம்சாவளி வில்லன் ஜிந்தர் மஹாலை ட்ரிபிள் எச் தோற்கடித்தார், அப்புறம் இருவரும் சேர்ந்து பாங்ரா ஆடினார்கள். உன் அளவுகோலில் அது எந்தக் கடுப்பு?

முனிர்காவிலிருந்து:

ஐயா, அக்கா, இருவருக்கும் நன்றி.

முதலில் மெய்ப்பாடு. வெகுளி எனக்குப் பிடித்த சொல்தான். ஆனால் அங்கே வெகுளி பிறக்கும் நிலைக்களன்கள் உறுப்பறை (உறுப்பை அறுப்பது), குடிகோள் (குடிக்குக் கேடு சூழ்வது), அலை (அடித்து வைது அலைப்பது), கொலை. நேர்ந்த தீங்குக்கு வரும் கோபம் அது. வில்லன்மேல் வரும் கோபத்தில் பாதி ரசனை கலந்திருக்கிறது. அடுத்த வாரம் அவன் அடி வாங்குவதைப் பார்க்கவே சீட்டு வாங்குகிறார்கள். இளிவரலுக்கு மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. வயதான நட்சத்திரத்தைத் திரும்பத் திரும்ப மேடையேற்றும்போது வருகிற சங்கடத்துக்கு அது பொருந்தும், அதற்காக எடுத்து வைத்துக்கொள்ளலாம். சாக்ரமென்டோவில் கேட்ட கோஷத்தில் இந்த நான்கும் இல்லை. ஏமாற்றியவன் சட்டையைப் பிடிக்கிற குரல் அது.

‘வேடம்’ என்பதைத் தெருக்கூத்திலிருந்து எடுத்தேன். திரௌபதி அம்மன் திருவிழாவில் துரியோதனன் வீழும் படுகளத்தன்று பெண்கள் துடைப்பத்தோடு வருவார்கள். வேடம் கட்டியவர் உள்ளூர்க்காரர், காலையில் அவரிடமே பால் வாங்கியிருப்பார்கள். அவர்மேல் யாருக்கும் பகை கிடையாது. அவ்வளவு ஏச்சு வாங்கினால் அவர் நன்றாகக் கட்டியிருக்கிறார் என்று பொருள். மல்யுத்த வில்லனுக்கும் அதே கணக்கு. கூத்துக் குழுவை நடத்துபவரை வாத்தியார் என்பார்கள். யார் ஜெயிப்பது, எப்படி ஜெயிப்பது என்று திரைக்குப் பின்னால் முடிவு செய்கிற ‘புக்கர்’ என்பவருக்கும் வாத்தியார் என்றே சொல்லிவிடலாம் என்பது என் ஆசை. கதைக்கடுப்பு வாத்தியாரைப் போய்ச் சேர வேண்டியது, வேடக்காரரை அல்ல.

சிக்கல் என்னவென்றால் ஊளையிடுகிறவர்கள் கண்ணில் வாத்தியார் படுவதே இல்லை. கையருகே யார் நிற்கிறாரோ அவர்மேல் விழும். 2014 ஜனவரியில் பிட்ஸ்பர்க்கில் நடந்த, முப்பது பேர் ஒவ்வொருவராக இறங்கும் ராயல் ரம்பிளை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் தங்கள் செல்லப்பிள்ளை டேனியல் பிரையன் வருவார் என்று காத்திருந்தார்கள். முப்பதாவது ஆளாக ரே மிஸ்டீரியோ ஓடி வந்தார். குழந்தைகள் முகமூடி வாங்கி மாட்டிக்கொள்கிற ரே மிஸ்டீரியோ, ஒரு பாவமும் அறியாதவர், அவருக்கு அன்று ஊளை! ஜெயித்த படிஸ்டாவுக்கும் அதே கதி, அவரை நாயகனாகத்தான் திரும்பக் கொண்டுவந்திருந்தார்கள். அது சுத்தமான கதைக்கடுப்பு. ஏப்ரலில் நியூ ஆர்லியன்ஸில் நடந்த, ஆண்டின் பெரிய நிகழ்ச்சியான ரெசில்மேனியா 30-இல் பிரையன் பட்டத்தோடு நின்றார். வேடக்கடுப்பு சீட்டு விற்கும், கதைக்கடுப்பு கதையையே திருப்பிவிடும். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் இந்த வித்தியாசத்தை எழுதவே முடியாது.

மறுபடி 2019-க்கு வருகிறேன், ஏனென்றால் இந்தச் சொல் அங்கே வேலை செய்யாவிட்டால் பயனில்லை. அந்தக் கோபம் ஏன் அவ்வளவு? கூண்டு ஆட்டத்தின் அடிப்படை வாக்குறுதியே தகுதி நீக்கம் இல்லை, தப்பிக்க வழி இல்லை என்பதுதான். 1998 ஜூனில் இதே கூண்டின் உச்சியிலிருந்து அண்டர்டேக்கர் தள்ளிவிட, மேன்கைண்ட் என்ற வீரர் வர்ணனையாளர் மேசைமேல் விழுந்தார். ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். அவர் இறங்கி வந்து மறுபடி கூண்டின்மேல் ஏறினார், அப்புறம் மேற்கூரை பெயர்ந்து உள்ளே விழுந்தார், அதன் பிறகும் ஆட்டம் தொடர்ந்து முறைப்படி முடிந்தது. அதைப் பார்த்து வளர்ந்தவனிடம் போய், சம்மட்டி பட்டதால் ரெஃபரிக்கு மனசு கேட்கவில்லை என்றால் எப்படி? 2018-இலும் இதே பெயர் கொண்ட நிகழ்ச்சியில் ப்ராக் லெஸ்னர் கூண்டுக் கதவைப் பெயர்த்துக்கொண்டு வந்து ரோமன் ரெய்ன்ஸ், ப்ரான் ஸ்ட்ரோமன் இருவரையும் அடித்துப் போட்டு, அதுவும் முடிவில்லாமல் போனது. அடுத்தடுத்து இரண்டு வருடம்.

இதில் எனக்கு இன்னும் ஆறாதது ஒன்று. மணி அடித்த பிறகு, யாருக்கு ஆபத்து என்று ஆட்டத்தை நிறுத்தினார்களோ அதே ஃபீண்ட் எழுந்து ராலின்ஸின் வாயில் கையை விட்டுக் கடைவாயைப் பிடித்துக் கிடத்துகிறார். அப்படியானால் எதற்கு நிறுத்தினீர்கள்? ஃபீண்டும் தோற்கக் கூடாது, ராலின்ஸும் பட்டத்தை இழக்கக் கூடாது என்று வாத்தியார் நினைத்தார். இரண்டையும் காப்பாற்றப் போய் இரண்டையும் தொலைத்தார். ராலின்ஸ் அன்று நாயகன், அவருக்குத்தான் ஊளை விழுந்தது. அக்டோபர் 31 அன்று ரியாதில் ‘எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தப்படாது’ என்று நிபந்தனையே போட்டு மறு ஆட்டம் வைத்து ஃபீண்டுக்குப் பட்டம் கொடுத்தார்கள். அந்த நிபந்தனையைப் படித்தபோது சிரிப்புதான் வந்தது. 2023 ஆகஸ்டில் வயட் முப்பத்தாறு வயதில் மறைந்த பிறகு பழைய ஆட்டங்களைத் திரும்பப் பார்த்தேன். அன்று மேடையில் அவர் நடையில் ஒரு குறையும் இல்லை. அதே இரவில் முதலாவதாக பெக்கி லிஞ்ச், சாஷா பேங்க்ஸ் ஆடிய கூண்டு ஆட்டம் அருமை. கடைசி ஆட்டம் அதையும் மறக்கடித்துவிட்டது.

அக்கா, ஜிந்தர் கேள்விக்கு: கதைக்கடுப்பு, மென்மையான வகை. 2017 மே மாதம் ரேண்டி ஆர்டனை வீழ்த்திப் பட்டம் வாங்கினார். டெல்லிக்கு ஒரு மாதம் முன்பு மான்செஸ்டரில் ஏ.ஜே. ஸ்டைல்ஸிடம் பறிகொடுத்தார். பட்டமும் இல்லாமல் இங்கே கொண்டுவந்து, இங்கேயும் தோற்க வைத்தால் எதற்காக ஏற்றிவிட்டார்கள்? பாங்ரா நன்றாக இருந்தது, மறுக்கவில்லை.

மருந்துச் சீட்டு ஆட்சேபம் நியாயம். ஆனால் நீர்க்கடுப்பு என்றால் அங்கே கடுக்கிறது என்று பொருள், கதைக்கடுப்பு என்றால் கதை கடுக்கிறது. பொருள் கெடவில்லை, இன்னும் துல்லியமாகிறது என்பேன். ஊளை என்பது காதில் விழும் சத்தம், கடுப்பு அதற்குக் காரணம். இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்வோம்.

மூன்றாவது வகை ஒன்று உண்டு. வில்லன் வந்திறங்கிய ஊரையே திட்டிச் சம்பாதிக்கும் ஊளை. அதற்கு ‘மலிவுக்கடுப்பு’ போதும். டெல்லிக்கு வருகிறவர் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆனால் நவம்பரில் அது வில்லத்தனம் ஆகாது, வானிலை அறிக்கை.

ஆர்.கே.புரத்திலிருந்து:

தம்பி, இளிவரலை வயதான நட்சத்திரத்துக்கு ஒதுக்கியது சரி, அதோடு நிறைவு. ‘கடுப்பு’ இன்னும் எனக்கு உறுத்துகிறது, ஆனால் உன் வாக்கியங்களில் வைத்துப் பார்த்தால் நிற்கிறது. போடு. ‘வாத்தியார்’ மட்டும் கூடாது. தமிழ் வாசகர் எம்.ஜி.ஆர். என்று படித்துவிடுவார்.

மயூர் விஹாரிலிருந்து:

ஐயா சொன்னது சரிதான். ‘கதைகட்டி’ எப்படி? ஊரில் பொய் சொல்கிறவனுக்கும் அதேதான், பொருத்தமாக இருக்கும். ஒருவரை மற்றவர் ஒருதலையாக அடித்து முடிக்கும் ‘ஸ்குவாஷ் மேட்ச்’ சொல்லுக்குத் தனி இழை தொடங்குகிறேன், ‘நசுக்காட்டம்’ என்று வைத்திருக்கிறேன்.