எக்கோவில் பம்பிங் 60, அம்மாவுக்கு மட்டும் மூச்சு வாங்கியது

தண்டையார்பேட்டை:
அம்மாவுக்கு வயது 63. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு, உடம்பும் கனம். இரண்டு மாடி ஏறினால் படியிலேயே உட்கார்ந்துவிடுவார். இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்தோம். ஒரு துடிப்பில் இதயம் எத்தனை சதவீத ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்பதைத்தான் பம்பிங் என்கிறார்கள். "பம்பிங் 60, நல்லா இருக்கு, கேஸா இருக்கும்" என்று அனுப்பிவிட்டார்கள். ஆறு மாதம் ஓமத் தண்ணீர்தான் வைத்தியம்! கால் வீங்கிய பிறகு வேறு டாக்டரிடம் போனோம். இதயம் நன்றாகச் சுருங்குகிறது, விரிந்து ரத்தத்தை வாங்குவதில்தான் கோளாறு, பம்பிங் 50க்கு மேல் இருந்தாலும் ஹார்ட் ஃபெயிலியர் வரும் என்றார். உடம்பில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் ஏறும் சி.ஆர்.பி. என்ற புரதம் லிட்டருக்கு 9 மி.கி. இருந்தது. காய்ச்சலோ புண்ணோ எதுவும் இல்லை. சர்க்கரையும் உடல் கொழுப்பும் சேர்ந்து உமி நெருப்பு மாதிரி உள்ளுக்குள் அழற்சியை வைத்திருக்குமாம். அது நுண்ணிய ரத்தக்குழாய்களின் உட்சுவரைக் கெடுத்து, இதயத் தசையை விறைக்க வைக்கிறது என்பது 2013இல் பாலஸ், சோப்பே என்ற இரண்டு ஆய்வாளர்கள் முன்வைத்த கருத்து. ஹார்ட் ஃபெயிலியருக்காகப் பார்க்கும் பி.என்.பி. ரத்தப் பரிசோதனை பருமனானவர்களுக்குக் குறைவாகவே காட்டும் என்பதும் அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

காசிமேடு:
எங்க நைனா கதை தலைகீழ். அட்டாக் வந்து தசை செத்து, பம்பிங் 30. அழற்சி அதற்குப் பிறகு வந்தது. போன வருஷம் சி.ஆர்.பி. 48 என்று வந்ததும் வீடே அழுதது. டாக்டர் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டுக் காலைக் காட்டச் சொன்னார். கெளுத்தி முள் குத்திச் சீழ் பிடித்திருந்தது! அது ஆறியதும் 6க்கு இறங்கியது. அழற்சியை அடக்க மருந்து இல்லையா என்று கேட்டேன். எட்டானர்செப்ட், இன்ஃபிளிக்சிமாப் இரண்டையும் பம்பிங் குறைந்தவர்களிடம் சோதித்தார்களாம். பலன் இல்லை, இன்ஃபிளிக்சிமாப் அதிக டோஸில் கெடுதலே செய்ததாம்.

வியாசர்பாடி:
லேபில் வேலை பார்க்கிறேன். சளி, காய்ச்சல், பல்வலி இருக்கும்போது இதயத்துக்காக சி.ஆர்.பி. பார்க்க வராதீர்கள், காசு தண்டம். அப்புறம், எண்ணுக்குப் பக்கத்தில் லிட்டரா டெசிலிட்டரா என்று பாருங்கள். லேபுக்கு லேப் மாறும், பத்து மடங்கு வித்தியாசம்.

தண்டையார்பேட்டை:
ஐயோ, போன மாதம் வேறு லேபில் 0.8 வந்ததற்கு வீட்டில் கேசரி கிண்டினோம். இப்போது ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். டெசிலிட்டர் என்றுதான் போட்டிருக்கிறது, அதாவது லிட்டருக்கு 8.