மோட்டார்ஹோமின் பின்னால் சாமுராயை நான்கு சக்கரமும் தரையில் உருள இழுத்துச் செல்ல என்னென்ன மாற்ற வேண்டும்?

கேள்வி: நெடுவழியான்

என்னிடம் இருப்பது 1988ஆம் ஆண்டின் சுசூகி சாமுராய். ஐந்து கியர் மேனுவல். முன் ஹப்கள் (சக்கரத்தை அச்சுத் தண்டுடன் இணைக்கும் நடுப்பகுதி) கையால் திருப்பிப் பூட்டும் வகை. முந்தைய உரிமையாளர் நீளமான ஷேக்கிள்களை (ஸ்பிரிங்கின் முனையை ஃப்ரேமுடன் இணைக்கும் அசையும் தகடுகள்) பொருத்தி வண்டியைச் சற்றே உயர்த்தியதுடன் பெரிய டயர்களையும் மாட்டியிருக்கிறார். மோட்டார்ஹோமின் ஹிட்ச் (இழுவை இணைப்பு) 3,500 பவுண்டு தாங்கும். சாமுராயோ ஏறக்குறைய 2,100 பவுண்டுதான் என்பதால் எடையைப் பற்றிக் கவலையில்லை. டோ பாரை (இரு வண்டிகளையும் இணைக்கும் இழுவைத் தண்டு) முன் பம்பரிலேயே வெல்ட் செய்துகொள்ளலாமா? டிரான்ஸ்ஃபர் கேஸை (கியர்பாக்ஸின் விசையை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்தனுப்பும் பெட்டி) நியூட்ரலில் வைத்தால் போதுமா, அல்லது அதிலிருந்து பின் ஆக்ஸிலுக்குச் செல்லும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றியாக வேண்டுமா?

பதில்: பற்சக்கரம்

முன் ஹப்களின் பூட்டைத் திறந்துவிட்டால் முன் டிஃபரென்ஷியலும் முன் ஷாஃப்டும் அசையாமல் நிற்கும்; அங்கே வேறு வேலை இல்லை. கவனிக்க வேண்டியது பின்பக்கம். டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருந்தாலும், உருளும் பின் சக்கரங்கள் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் வழியாக அதன் வெளியீட்டு ஷாஃப்டைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். உள்ளீட்டுப் பக்கத்துப் பற்சக்கரங்கள் நின்றுவிடுவதால், அவை வாரி இறைக்க வேண்டிய எண்ணெய் எல்லா பேரிங்குகளுக்கும் சரியாகப் போய்ச் சேர்வதில்லை. இதனால்தான் சுசூகியின் மற்றொரு மாடலான சைட்கிக் வண்டிக்கு, 200 மைலுக்கு ஒருமுறை நின்று எஞ்சினை ஒரு நிமிடம் ஓட்டி எண்ணெயைச் சுற்றவிடும்படி சொல்லப்பட்டுள்ளது. அப்போது டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில், கியர்பாக்ஸ் ஏதேனும் ஒரு கியரில், கிளட்ச் பெடலிலிருந்து காலை எடுத்த நிலையில் இருக்க வேண்டும். சாமுராய்க்கும் இதே ஒழுங்கைப் பின்பற்றுமாறு வலியுறுத்துவேன்.

ஒவ்வொரு முறையும் புறப்படுவதற்கு முன், பிரேக்கில் கால் வைத்தபடி எஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டு, கிளட்சை மெல்ல விட்டுப் பாருங்கள். வண்டி சிறிதும் முன்னேற முயலாவிட்டால்தான் டிரான்ஸ்ஃபர் கேஸின் நெம்புகோல் உண்மையிலேயே நியூட்ரலில் விழுந்திருக்கிறது. கியர்பாக்ஸ் கியரில் இருக்கும்போது டிரான்ஸ்ஃபர் கேஸ் 4எல் (நான்கு சக்கர மெதுவேக) நிலையில் மாட்டிக்கொண்டு நெடுஞ்சாலை வேகத்தில் இழுக்கப்பட்டால், எஞ்சின் தன் எல்லையைக் கடந்து சுழற்றப்பட்டுச் சிதைந்துவிடும்.

நாள் முழுவதும் ஓடும் பயணமென்றால் பின் ஷாஃப்டைக் கழற்றிவிடுவதே என் தேர்வு. சாமுராயில் வேகமானி கேபிள் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வருவதால், ஓடோமீட்டரில் வீண் மைல்களும் ஏறாது. எந்த வழியைத் தேர்ந்தாலும், டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருக்கும் வரை வண்டியைக் கியர் பிடித்து நிறுத்தாது என்பதை நினைவில் கொண்டு, டோ பாரைக் கழற்றும் முன் கைப்பிரேக்கை இழுத்துச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

பதில்: நேர்கோடு

பம்பரில் வெல்ட் செய்ய வேண்டாம். பம்பரை ஃப்ரேமுடன் பிணைக்கும் போல்ட்டுகளும் தகடுகளும் மோதலைத் தாங்கத்தான் அமைக்கப்பட்டவை, மணிக்கணக்கில் இழுபடுவதற்கு அல்ல. இரு ஃப்ரேம் தண்டுகளிலும் போல்ட் செய்யப்படும் பேஸ் பிளேட்டே சரியான இடம். டோ பார் தரைக்கு ஏறத்தாழ இணையாக இருக்க வேண்டும். உயர்த்திய வண்டியில் அது ஹிட்சை நோக்கிச் சரியும் என்பதால், உயர வேறுபாட்டைச் சரிக்கட்டும் ரிசீவர் (ஹிட்சின் குழாய்) இணைப்பான் தேவைப்படலாம்.

ஆனால் உங்கள் கேள்வியில் என்னை மிகவும் கவலைப்படுத்துவது அந்த நீண்ட ஷேக்கிள்கள்தான். சாமுராயில் முன் ஸ்பிரிங்கின் ஷேக்கிள் முன்முனையில் இருக்கிறது. அதை நீட்டினால் ஸ்பிரிங்கின் முன்முனை தாழ்ந்து, ஆக்ஸில் முன்னோக்கித் திரும்பி, காஸ்டர் கோணம் (முன் சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறைகிறது. ஸ்டீரிங்கில் யார் கையும் இல்லாதபோது, திருப்பத்துக்குப் பின் சக்கரங்களை நேராக்குவது முக்கியமாக அந்தக் கோணமே. அது குறைந்தால் முன் சக்கரங்கள் திருப்பத்திலேயே மடங்கிக் கிடந்து டயர் தேய இழுபடும்; அல்லது வேகத்தில் இருபுறமும் கடுமையாக ஆடத் தொடங்கும். எனவே பழைய அளவு ஷேக்கிள்களுக்குத் திரும்புங்கள், இல்லையேல் ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் இடையே ஆப்புத் தகடுகள் வைத்துக் காஸ்டரை மீட்டெடுங்கள். கிங்பின் (சக்கரம் திரும்பும் அச்சு) பேரிங்குகளையும் டை ராட் (முன் சக்கரங்களை இணைத்துத் திருப்பும் தண்டு) முனைகளையும் அதே சமயத்தில் சோதித்துவிடுங்கள். ஸ்டீரிங் டாம்பரை (ஆட்டம் அடக்கும் கருவி) மட்டும் மாட்டி ஆட்டத்தை அடக்குவது நோயை மறைப்பதாகும்.

சாவியை ஏசிசி (துணைக் கருவிகளுக்கான) நிலையில் வைத்து ஸ்டீரிங் பூட்டை விடுவிக்க மறவாதீர்கள். இணைத்த நிலையில் பின்னோக்கி எடுக்கவே கூடாது. முன் சக்கரங்கள் முழுவதுமாகத் திரும்பி டோ பாரையே வளைத்துவிடும்.

பதில்: பின்விளக்கு

ஹிட்ச் தாங்கும் எடை வேறு, மோட்டார்ஹோமின் பிரேக் நிறுத்தக்கூடிய எடை வேறு. பிரேக் இல்லாமல் எவ்வளவு இழுக்கலாம் என்று சேசிஸ் கையேட்டில் தனியாகக் குறித்திருப்பார்கள். அது ஹிட்ச் அளவைவிடப் பெரும்பாலும் மிகக் குறைவு. மாநிலச் சட்டங்களும் வேறுபடும். இலகுவான வண்டியானாலும் துணை பிரேக் பொருத்துங்கள். எஞ்சின் ஓடாதபோது சாமுராயின் பிரேக் பூஸ்டருக்கு (மிதிக்கும் விசையைப் பெருக்கும் கருவி) வெற்றிடம் கிடைக்காமல் பெடல் இறுகிவிடும் என்பதால், பெடலை அழுத்தும் கருவியை அந்த நிலையில் வைத்தே சரிசெய்ய வேண்டும். இணைப்பு அறுந்தால் தானே பிரேக் பிடிக்கும் சுவிட்சும், டோ பாரின் கீழே குறுக்காக மாட்டிய பாதுகாப்புக் கேபிள்களும் கட்டாயம். விளக்குகளுக்கு டையோடுகள் போதும். அவை மோட்டார்ஹோமின் மின்சாரம் சாமுராயின் மற்ற வயரிங்குக்குள் திரும்பிப் பாயாமல் தடுக்கும்.

நெடுவழியான்

மிக்க நன்றி. ஷேக்கிள்களை முதலில் மாற்றுகிறேன். ஷாஃப்டைக் கழற்றும்போது தனியாகக் கவனிக்க வேண்டியது ஏதேனும் உண்டா?

பற்சக்கரம்

உண்டு. கழற்றும் முன் இரு முனை ஃப்ளாஞ்சுகளிலும் (போல்ட் செய்யும் இணைப்புத் தட்டுகள்) பெயின்டால் குறியிட்டு, மீண்டும் அதே நிலையிலேயே மாட்டுங்கள். நடுவிலுள்ள ஸ்பிளைன் (பல் பொருந்தி நீளும்) இணைப்பைப் பிரிக்காதீர்கள். ஒரு பல் மாறிப் பொருந்தினாலும் இரு முனைகளிலும் உள்ள யு-ஜாயின்ட்டுகளின் (வளைந்து சுழலும் மூட்டுகள்) ஒத்திசைவு குலைந்து அதிர்வு வரும்.