சளி விட்டும் வீசிங் விடாதவர்களுக்கு: பீக் ஃப்ளோ அளப்பதில் யோசனை தேவை

வைரஸ் காய்ச்சல் ஆறி மூன்று வாரம் தாண்டியும் இரவு இருமல், வீசிங், மாடி ஏறினால் நெஞ்சு இறுக்கம் என்று வருகிறவர்களுக்காக ஒரு பீக் ஃப்ளோ (சிறு கருவியில் வேகமாக ஊதும்போது மூச்சு வெளியேறும் உச்ச வேகம்) அட்டவணை தயார் செய்கிறோம். மூச்சுக்குழாயின் உள்படலம் புண்பட்டு, நரம்பு முனைகள் கூசிப்போவதால் வரும் வெறும் இருமல் எட்டு வாரம் வரைகூட நீளும். எல்லாவற்றையும் ஆஸ்துமா என்று எழுதிவிட முடியாது. ஆஸ்துமாவைக் காட்டிக்கொடுப்பது இந்த அளவின் ஏற்ற இறக்கம்தான்.

முறை இதுதான்: இரண்டு வாரம், காலையும் மாலையும், இன்ஹேலர் எடுப்பதற்கு முன்பு, நின்றபடி மூன்று தடவை ஊதி, பெரிய எண்ணைக் குறிப்பது. பெரியவர்களுக்குத் தினசரி வேறுபாடு சராசரியாக 10 சதவீதத்தைத் தாண்டினால் ஸ்பைரோமெட்ரி (நுரையீரல் செயல்திறன் சோதனை). அதில் மூச்சுக்குழாயை விரிக்கும் சால்புட்டமால் மருந்துக்குப் பின் எஃப்இவி1 (முதல் ஒரு நொடியில் ஊதும் காற்றின் அளவு) 12 சதவீதமும் 200 மில்லியும் கூடினால் ஆஸ்துமாவுக்குச் சான்று வலுவாகிறது.

இடிப்பது இங்கேதான். பலர் ஊதாமல், நாக்கால் அடைத்து 'தூ' என்று துப்புகிறார்கள். முள் பொய்யாக எகிறிவிடுகிறது. இதே வேலை செய்கிறவர்களே, வீடியோ அழைப்பில் இதை எப்படிப் பிடிக்கிறீர்கள்? ஸ்டீராய்டு இன்ஹேலர் ஏற்கெனவே தொடங்கியவர்களிடம் ஏற்ற இறக்கம் மங்கிவிடுமே, அவர்களைத் தனியாக எழுதுகிறீர்களா?

ஒரு வாக்கியம் பேசி முடிக்க முடியாமல் திணறுகிறவருக்கு அட்டவணை வேண்டாம், நேரே அவசர சிகிச்சை. அதை அட்டவணையின் முதல் வரியிலேயே போட்டிருக்கிறோம்.