எச்டிடியைக் கழட்டினா லேப்டாப் பூட் ஆகல. விண்டோஸ் இருக்கறதோ எஸ்எஸ்டியில! உதவி தேவை

வைகைக்கரை

லேப்டாப் 15.6 இன்ச், இன்டெல் ஐ5 8-ஆம் ஜெனரேஷன், 8 ஜிபி ராம். கூடவே வந்தது 1 டிபி எச்டிடி (ஹார்ட் டிஸ்க்). போன மாசம் காலியா கிடந்த எம்.2 ஸ்லாட்ல 500 ஜிபி என்விஎம்இ (வேகமான ரகம்) எஸ்எஸ்டி போட்டு, பென்டிரைவ் வழியா விண்டோஸ் 11 புதுசா ஏத்தினேன். அப்ப எச்டிடி உள்ளேயேதான் இருந்தது. அதுல இருந்த பழைய விண்டோஸ் பார்ட்டிஷனை மட்டும் அழிச்சு டேட்டாவுக்கு வச்சுக்கிட்டேன். வேகத்துல ஒரு குறையும் இல்ல.

இப்ப எச்டிடி டிக் டிக்னு சத்தம் போடுது. ஃபோட்டோ ஃபோல்டரைத் திறந்தா ரெண்டு நிமிஷம் அப்படியே தொங்குது. அதைத் தூக்கிட்டு 1 டிபி 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி (எச்டிடி இடத்துலயே அதே கனெக்டர்ல மாட்டற ரகம்) வைக்கலாம்னு வாங்கிட்டேன். மாட்டிட்டு ஆன் பண்ணா, பூட் டிவைஸ் எதுவும் இல்லைன்னு கறுப்புத் திரை. எச்டிடியைத் திரும்ப மாட்டினா எதுவுமே நடக்காத மாதிரி பூட் ஆகுது. சி டிரைவ் எஸ்எஸ்டியிலதான் இருக்குன்னு டாஸ்க் மேனேஜர்ல பாத்துட்டேன். அப்புறம் எச்டிடி எதுக்கு வேணும்?

கணினிப்பித்தன்

பயாஸ்ல (ஆன் பண்ணதும் விண்டோஸுக்கு முன்னாடி ஓடற செட்டிங்) பூட் ஆர்டர் மாத்துங்க ப்ரோ. எஸ்எஸ்டியை மேல ஏத்துங்க. அதுக்கும் கேக்கலைன்னா விண்டோஸ் திரும்பப் போட்டுருங்க.

பூச்சிக்கொல்லி

பூட் ஆர்டரை மாற்றிப் பயனில்லை. ரீஇன்ஸ்டாலும் தேவையில்லை.

விண்டோஸ் எஸ்எஸ்டியில் இருக்கிறது. அதை எழுப்பிவிடும் பூட் லோடர் எச்டிடியில் இருக்கிறது. யூஇஎஃப்ஐ (புதுவகை பயாஸ்) லேப்டாப்பில் பயாஸ் நேராக சி டிரைவைத் தேடாது. ஃபேட்32-வில் ஃபார்மட் செய்த ‘இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்’ என்ற சின்னப் பகுதியைத் தேடி, அதில் உள்ள ஃபைலை ஓட்டும். அந்த ஃபைல்தான் சி டிரைவைக் கைகாட்டும். நீங்கள் விண்டோஸ் ஏற்றியபோது எச்டிடியில் கம்பெனி போட்டுக்கொடுத்த இஎஃப்ஐ பகுதி ஏற்கெனவே இருந்தது. பழைய சி-யை மட்டும் அழித்ததால் அது தப்பித்தது. இன்ஸ்டாலர் எஸ்எஸ்டியில் புதிதாக ஒன்றை உருவாக்காமல், ஏற்கெனவே இருந்ததிலேயே எழுதிவிட்டுப் போய்விட்டது. இரண்டு டிரைவ் உள்ள லேப்டாப்புகளில் அடிக்கடி நடப்பதுதான்.

உறுதி செய்துகொள்ள: ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக், டிஸ்க் மேனேஜ்மென்ட். டிஸ்க் 0 பெரும்பாலும் எச்டிடியாக இருக்கும். அதன் இடது ஓரத்தில் 100 அல்லது 260 எம்பி அளவில் ‘இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்’ என்று ஒரு கட்டம் இருக்கிறதா, டிஸ்க் 1-இல் (எஸ்எஸ்டி) அப்படி எதுவும் இல்லையா என்று பாருங்கள்.

அதோடு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ (டிரைவின் உடல்நிலையைக் காட்டும் புரோகிராம்) போட்டு எச்டிடியின் 05, சி5, சி6 மூன்று வரிகளிலும் ‘ரா வேல்யூ’ என்ன என்று சொல்லுங்கள். அந்த டிக் டிக் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை.

வைகைக்கரை

நீங்க சொன்னபடியே இருக்கு. டிஸ்க் 0-ல 260 எம்பி இஎஃப்ஐ. டிஸ்க் 1-ல சி-யும் கடைசியில ஒரு ரிகவரி பகுதியும் மட்டும்.

05 வரியில 0. சி5-ல 18. சி6-லயும் 18. மேல மஞ்சள் கலர்ல ‘காஷன்’னு வருது. 18-தானே, பரவாயில்லையா?

திருப்புளி

அந்த 18 ஹெக்ஸ் (16-ஐ அடியா வச்ச எண்) கணக்கு. நம்ம கணக்குல 24. சி5-ன்னா படிக்க முடியாம திணறி, முடிவு எடுக்காம நிலுவையில நிக்கிற செக்டர். 05 பூஜ்யமா இருக்கேன்னு சந்தோஷப்படாதீங்க. அந்த இடத்துல திரும்ப எழுதும்போதுதான் டிரைவ் அதை மாத்தி, 05-ல ஏத்தும்.

உங்க பூட் லோடரும் இந்த டிரைவ்லதான் இருக்கு. இது படுத்தா, ஒரு கீறலும் இல்லாத எஸ்எஸ்டி விண்டோஸும் சேர்ந்து படுத்துரும். அதனால வரிசை முக்கியம்: முதல்ல டேட்டா, அடுத்து பூட் லோடர், கடைசியா டிரைவை மாத்தறது.

கணினிப்பித்தன்

சிஎச்கே டிஸ்க் /ஆர் (விண்டோஸோட டிஸ்க் சோதிக்கற கட்டளை) போட்டா பேட் செக்டர் சரியாயிடுமே?

திருப்புளி

டேட்டா எடுக்கறதுக்கு முன்னாடி வேண்டாம். அது டிரைவ் முழுக்க ஒவ்வொரு செக்டரா படிக்கும். மூச்சு வாங்கற ஆளை மாடிப்படி ஏறச் சொல்ற கதை. குளோனிங்கும் (டிரைவை அப்படியே நகல் எடுக்கறது) இப்ப வேண்டாம், மோசமான செக்டர்ல முட்டி பாதியில நின்னுரும்.

புது சாட்டா எஸ்எஸ்டியை சாட்டா-யூஎஸ்பி கேபிள் வழியா வெளியில மாட்டி, ஃபைலா காப்பி பண்ணுங்க. எச்டிடி இருந்த இடத்துலயே இருக்கட்டும். எக்ஸ்ப்ளோரர்ல இழுத்துப் போட்டா ஒரு ஃபைல் மாட்டினதும் மொத்தமும் நின்னு உங்களைக் கேக்கும். விண்டோஸ்லயே இருக்கற ரோபோகாப்பி கட்டளை தேவலை. (எல்லாக் கட்டளையையும் உச்சரிப்புல எழுதறேன், அடிக்கும்போது ஆங்கில எழுத்துல அடிங்க.)

ரோபோகாப்பி டி:\ இ:\பழசு /இ /ஆர்:1 /டபிள்யூ:1 /எக்ஸ்ஜே /லாக்:சி:\காப்பி.டிஎக்ஸ்டி

டி எச்டிடி, இ புது டிரைவ். உங்க எழுத்தைப் பாத்து மாத்திக்கங்க. /ஆர், /டபிள்யூ ரெண்டையும் விட்டுராதீங்க. சும்மா விட்டா, படிக்க முடியாத ஒவ்வொரு ஃபைலுக்கும் 10 லட்சம் தடவை, தடவைக்கு 30 செகண்ட் காத்திருந்து முயற்சி பண்ணும். அடுத்த தீபாவளிக்கும் அதே ஃபைல்லதான் நிக்கும்.

புது டிரைவ் ‘திஸ் பிசி’யில தெரியலைன்னா பதறாதீங்க. டிஸ்க் மேனேஜ்மென்ட்ல ‘நாட் இனிஷியலைஸ்டு’ன்னு நிக்கும். ஜிபிடி (பார்ட்டிஷன் அட்டவணையோட வகை) குடுத்து, நியூ சிம்பிள் வால்யூம், என்டிஎஃப்எஸ். 1 டிபி வாங்கினா 931 ஜிபிதான் காட்டும். கடைக்காரர் 1000-ல வகுக்கறார், விண்டோஸ் 1024-ல வகுக்குது, அவ்வளவுதான்.

தென்றல்84

குறுக்க வந்ததுக்கு மன்னிக்கவும். என் லேப்டாப்லயும் எம்.2 ஸ்லாட் காலியா இருக்கு. என்விஎம்இ வாங்கிப் போட்டேன், பயாஸ்லயே வரல. எஸ்எஸ்டியில ஒரே ஒரு வெட்டுதான் இருக்கு.

பூச்சிக்கொல்லி

எம்.2 என்பது வடிவத்தின் பெயர்தான். அதே ஸ்லாட்டில் சாட்டா சிக்னலும் வரலாம், பிசிஐஇ-யும் (என்விஎம்இ ஓடும் வழி) வரலாம், இரண்டும் வரலாம். ஒரே வெட்டு என்றால் எம் கீ. பெரும்பாலும் பிசிஐஇ 4 லேன் என்விஎம்இ. இரண்டு வெட்டு என்றால் பி+எம் கீ, பெரும்பாலும் சாட்டா. டிரைவ் ஸ்லாட்டில் பொருந்திவிட்டது என்பதற்காக வேலை செய்யும் என்று அர்த்தமில்லை. மதர்போர்டில் அந்த ஸ்லாட்டுக்கு என்ன இணைத்திருக்கிறார்கள் என்பதே கணக்கு. உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் ஸ்டோரேஜ் பக்கம் பாருங்கள். சாட்டா மட்டும் என்றிருந்தால் என்விஎம்இ-யைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எம்.2 சாட்டா வாங்குவதுதான் வழி. பயாஸ் அப்டேட் அதை மாற்றாது.

ஆனால் அதற்கு முன், டிரைவ் முழுதாக உள்ளே போயிருக்கிறதா பாருங்கள். 30 டிகிரி சாய்வில் நுழைத்து, தங்க நிறப் பற்கள் ஒரு மயிரிழைதான் வெளியே தெரிகிறது என்ற பிறகு கீழே அழுத்தி ஸ்க்ரூ போட வேண்டும். பாதியில் நிறுத்தி அழுத்தினாலும் ஸ்க்ரூ ஏறிவிடும், டிரைவ் மட்டும் தெரியாது.

வைகைக்கரை

காப்பி முடிஞ்சது. லாக்ல 11 ஃபைல் தோல்வி, எல்லாம் பழைய வீடியோ, போகட்டும். அடுத்து பூட் லோடர் வழி சொல்லுங்க.

பூச்சிக்கொல்லி

ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸிலேயே செய்யலாம். முதலில் செட்டிங்ஸ், பிரைவசி & செக்யூரிட்டி, ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ பாருங்கள். ஆனில் இருந்தால் 48 இலக்க ரிகவரி கீயைத் தாளில் எழுதி வையுங்கள், அல்லது ஆஃப் செய்து முழுதாக முடியும்வரை காத்திருங்கள். பூட் வழியை மாற்றினால் அந்தக் கீயைக் கேட்க வாய்ப்பு உண்டு. அது கையில் இல்லாவிட்டால் டேட்டாவுக்குக் கும்பிடு.

பிறகு கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து, ஒவ்வொரு வரியாக:

டிஸ்க்பார்ட்
லிஸ்ட் டிஸ்க்
செலக்ட் டிஸ்க் 1
செலக்ட் வால்யூம் சி
ஷ்ரிங்க் டிசையர்ட்=300
கிரியேட் பார்ட்டிஷன் இஎஃப்ஐ சைஸ்=260
ஃபார்மட் குயிக் எஃப்எஸ்=ஃபேட்32
அசைன் லெட்டர்=எஸ்
எக்ஸிட்

‘லிஸ்ட் டிஸ்க்’ காட்டும்போது 465 ஜிபி எந்த எண்ணில் இருக்கிறது, அதன் வரியில் ஜிபிடி பத்தியில் நட்சத்திரம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே மேலே போங்கள். யூஎஸ்பியில் இருக்கும் டிரைவைக் கழட்டிவிட்டுச் செய்வது உத்தமம். அதன் பிறகு:

பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் எஸ்: /எஃப் யூஇஎஃப்ஐ

பூட் ஃபைல்கள் உருவாக்கப்பட்டன என்று ஒரே வரி வரும்.

வைகைக்கரை

கடைசி வரிக்கு, பூட் ஃபைல்களை காப்பி பண்ண முடியலைன்னு எரர். ரெண்டு தடவை போட்டேன், அதேதான். ஒண்ணு சொல்லணும்: ‘ஃபார்மட்’னு பாத்ததும் பயந்து அந்த வரியை மட்டும் விட்டுட்டேன்.

பூச்சிக்கொல்லி

பயம் நியாயமானதே. ஆனால் அந்த வரி இல்லாமல் எஸ் என்பது வெறும் மனை. வீடே கட்டவில்லை, சாமானை எங்கே இறக்குவது?

மறுபடி டிஸ்க்பார்ட் போய் ‘செலக்ட் வால்யூம் எஸ்’, பிறகு ‘லிஸ்ட் வால்யூம்’. எந்த வரியின் முன்னால் நட்சத்திரம் நிற்கிறதோ அதுதான் ஃபார்மட் ஆகும். அந்த வரியில் எழுத்து எஸ், ஃபைல் சிஸ்டம் (எஃப்எஸ்) ‘ரா’, அளவு 260 எம்பி. மூன்றும் பொருந்தினால் மட்டும் ஃபார்மட் வரியைப் போடுங்கள். பிறகு எக்ஸிட், பிசிடிபூட்.

வைகைக்கரை

‘ரா’ன்னுதான் இருந்தது. ஃபார்மட் பண்ணதும் பிசிடிபூட் ஒரே தடவையில போயிருச்சு! இனி கழட்டலாமா?

திருப்புளி

கழட்டலாம். ஷிஃப்ட்டை அழுத்திக்கிட்டே ஷட் டவுன் குடுங்க, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வழியா அரைத்தூக்கத்துல போகக் கூடாது. சார்ஜரை உருவிட்டு, மூடியைத் திறந்ததும் கை வைக்கவேண்டிய முதல் இடம் பேட்டரி கனெக்டர். ஒயரைப் பிடிச்சு இழுக்காம, பிளக்கோட ரெண்டு காதையும் நகத்தால தள்ளுங்க. அப்புறம் பவர் பட்டனை 10 செகண்ட் அழுத்தி மிச்சக் கரண்டை வடிச்சிருங்க.

எச்டிடி பட்டை கேபிள்ல மதர்போர்டோட சேர்ந்திருந்தா, கேபிள் முனையில ஒரு சின்னக் கறுப்பு கிளிப் இருக்கும். சில மாடல்ல மேல தூக்கணும், சிலதுல பின்னால தள்ளணும். திறக்காம இழுத்தா கிளிப் உடைஞ்சிரும். அது போர்டுலயே சால்டர் பண்ணது, தனியா வாங்கிப் போடற சாமான் இல்ல. கழட்டறதுக்கு முன்னாடி கேபிளோட நீலப் பட்டை எந்தப் பக்கம் பாக்குதுன்னு ஒரு ஃபோட்டோ எடுத்துக்கங்க.

எச்டிடியைச் சுத்தி இருக்கற தகர ஃபிரேம், ரப்பர் எதையும் தூக்கிப் போடாதீங்க, புது எஸ்எஸ்டிக்கும் அதேதான். அது இல்லாம வச்சா லேப்டாப்பைத் தூக்கும்போதெல்லாம் டிரைவ் ஆடி, சாட்டா முனை விட்டுப் போகும்.

பூச்சிக்கொல்லி

மாட்டியதும் முதலில் பயாஸுக்குள் போய் இரண்டு டிரைவும் தெரிகிறதா பாருங்கள். பூட் பட்டியலில் ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ வராமல் எஸ்எஸ்டியின் பெயர் மட்டும் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் வந்த பிறகு, எஸ் என்ற எழுத்து இன்னும் தெரிந்தால் டிஸ்க்பார்ட்டில் அதைத் தேர்ந்து ‘ரிமூவ் லெட்டர்=எஸ்’ போட்டுவிடுங்கள். எழுத்துதான் போகும், பகுதி இருக்கும்.

வைகைக்கரை

எச்டிடி இல்லாம பூட் ஆயிருச்சு! பயாஸ்ல முதல்ல சாட்டா எஸ்எஸ்டி தெரியல. கேபிள் கிளிப்பைத் திறந்து திரும்ப நேரா நுழைச்சு மூடினதும் வந்துருச்சு. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவுல ‘சாட்டா/600’, அதாவது சாட்டாவோட முழு வேகம், காட்டுது. ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க.

ரெண்டு சின்ன விஷயம். பழைய எச்டிடியை டிவிடி டிரைவ் இருக்கற இடத்துல கேடி (டிரைவை உக்கார வைக்கற சட்டம்) போட்டு வச்சுக்கலாமா? இன்னொண்ணு, எல்லாம் மூடின பிறகு ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருக்கு.

திருப்புளி

சி5 24 காட்டற டிரைவை எந்தக் கேடியிலயும் வைக்காதீங்க. அந்த 11 வீடியோ வேண்டாம்னா குப்பைக்குத்தான். பின்னாடி வேற டிரைவுக்குக் கேடி வாங்கினா டிவிடி டிரைவோட தடிமனை ஸ்கேல் வச்சு அளந்துட்டு வாங்குங்க: 9.5 மி.மீ., 12.7 மி.மீ.னு ரகம் இருக்கு, மாத்தி வாங்கினா சரியா உக்காராது.

மிச்ச ஸ்க்ரூ மத்ததைவிட நீளமா, குட்டையா? டிவிடி டிரைவைப் பிடிச்சிருக்கறது மூடியோட நடுப்பக்கம் தனியா இருக்கற ஒரே ஸ்க்ரூதான். டிவிடி டிரைவை லேசா இழுத்துப் பாருங்க, கையோட வந்தா அதுதான். குட்டை ஸ்க்ரூ ஓட்டையில நீளத்தைப் போட்டிருந்தீங்கன்னா கீபோர்டுக்குக் கீழ மேல் பக்கம் சின்னதா புடைச்சிருக்கும், விரலால தடவிப் பாருங்க.

வைகைக்கரை

டிவிடி டிரைவ் கையோட வந்துருச்சு.