அக்கில் தீவின் கீல் கிராமத்தில் ஒரு வாரம்: கார் இல்லாமல் சமாளிக்க முடியுமா?

கேள்வி
ஜூன் கடைசியில், அயர்லாந்தின் மேயோ கவுண்டியில் உள்ள கீல் கிராமத்தில் வாடகை வீடு எடுத்துத் தங்கப் போகிறோம். ஏழு வயதுக் குழந்தையும் உண்டு. டப்ளினிலிருந்து ரயில், பஸ் போதுமா? குழந்தையைக் கடலில் இறக்கலாமா?

தென்றல்
போய்ச் சேர்வது சுலபம். டப்ளின் ஹியூஸ்டன் ஸ்டேஷனிலிருந்து வெஸ்ட்போர்ட்டுக்கு ரயிலில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கிருந்து 450 பஸ். சிரமமெல்லாம் அதற்குப் பிறகுதான். பஸ் நாளுக்குச் சில முறைதான் வரும். கீலில் இருப்பது சிறிய கடை. பெரிய கடைக்கு, தீவை நிலப்பரப்போடு இணைக்கும் பாலத்தருகே உள்ள அக்கில் சவுண்ட் என்ற ஊர் வரை, ஏறக்குறைய 15 கி.மீ. போக வேண்டும். குழந்தை இருப்பதால் கார் எடுத்துவிடுங்கள். அங்கும் இடதுபக்க ஓட்டம்தான். வாடகை வண்டிகளில் கியர் வண்டியே அதிகம், ஆட்டோமேட்டிக் வேண்டுமானால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தீவில் பல இடங்களில் சாலையோரம் வேலி இல்லை, வளைவு தாண்டினால் நடுரோட்டில் ஆடு படுத்திருக்கும். வீட்டின் ஏர்கோடை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியான ஏழு எழுத்துக் குறியீடு அது. கிராமங்களில் கதவு எண்ணே இருக்காது.

அலைவாய்
கடலைப் பற்றி: கீல் கடற்கரை திறந்த அட்லாண்டிக்கைப் பார்த்தது. கரைக்கு வந்த அலைநீர் ஒரு குறுகிய பாதை வழியாக வேகமாகத் திரும்பும்; அதில் சிக்கினால் எதிர்த்து நீந்தாமல் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி விலக வேண்டும். சிவப்பு-மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறங்குங்கள், சிவப்புக் கொடி பறந்தால் இறங்கவே வேண்டாம். உயிர்காப்பாளர் அன்று பணியில் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். குழந்தைக்கு அதே தீவிலுள்ள கீம் விரிகுடாதான் நல்லது, மலைகள் சூழ்ந்திருப்பதால் அலை குறைவு. ஜூனில் நீர் 13–14 டிகிரிதான்; வெட்சூட் (குளிர் தாங்கும் நீச்சல் உடை) இல்லாவிட்டால் சீக்கிரமே நடுக்கம் எடுத்துவிடும். ஆபத்தென்றால் 112 அழைத்துக் கோஸ்ட் கார்டு (கடலோரக் காவல்) என்று கேளுங்கள்.

முகில்
வீட்டில் வெந்நீர் வரவில்லை என்றால் பெரும்பாலும் ஹீட்டர் ரிப்பேர் இல்லை. தொட்டி நீரைச் சூடாக்கும் இம்மர்ஷன் என்ற சுவிட்சைக் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். பொழுது சாய இரவு 10 மணிக்கு மேலாகிவிடும், ஆனால் பப் சமையலறைகள் அதற்கு வெகு முன்பே மூடிவிடும். 15 வயதுக்குட்பட்டவர்கள் மே முதல் செப்டம்பர் வரை இரவு 10 வரைதான் பப்பில் இருக்கலாம், அதுவும் பெற்றோருடன். காற்று நின்ற மாலைகளில் மிட்ஜ் என்ற பொடிப்பூச்சி பிடுங்கியெடுக்கும், முழுக்கைச் சட்டை அவசியம்.

கேள்வி கேட்டவர்
நன்றி, கார்தான். மழை நாளில் என்ன செய்வது? சைக்கிள் பாதை இருக்கிறதாமே?

தென்றல்
குடை வேண்டாம், காற்றில் மடங்கிவிடும். தொப்பி வைத்த மழைக்கோட்டு எடுங்கள். தூறல் என்றால் ஸ்லீவ்மோர் மலையடிவாரத்தில் கைவிடப்பட்ட கல்வீடுகளைப் பார்க்கலாம். சைக்கிள் பாதை 1937-ல் மூடப்பட்ட ரயில் தடத்தில் போட்டது, ஏற்றம் அதிகமில்லை. மல்ரனி என்ற ஊர் வரை 13 கி.மீ. போதும். அக்கில் சவுண்டிலிருந்தே கிளம்புங்கள், மேற்குக் காற்று முதுகில் தள்ளும்.