கலைச்சொல்: சாலிட் பாடி கிதார் – திண்ணுடலா, ஏந்துடலா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மின்கிதார் பாகங்களுக்கான நம் சொற்பட்டியலில் ‘சாலிட் பாடி’க்கு, அதாவது ஒலிக்கூடு இல்லாத மின்கிதார் உடலுக்கு, நேரே உள்ள கட்டம் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது. குடம், கட்டை, திண்ணுடல் என்று மூன்று சொற்கள் வந்துள்ளன. மூன்றையும் பார்த்துவிட்டு நாலாவதாக ஒன்றை முன்வைக்கிறேன்.

> வீணையில் குடம் இருக்கிறது. அதையே இங்கும் எடுத்துக்கொண்டால் என்ன?

குடம் அழகான சொல், நம் கைவினைஞர்கள் இன்றும் புழங்கும் சொல். ஆனால் வீணைக் குடம் பலாமரத்தைக் குடைந்து செய்வது. உள்ளே இருக்கும் வெற்றிடமும் மேலே மூடிய மெல்லிய பலகையும் சேர்ந்துதான் கம்பியின் ஒலியைப் பெருக்கித் தருகின்றன. யாழில் பத்தர் என்ற அடிக்கூடு செய்ததும் இதே வேலைதான். மின்கிதாரில் பெருக்கும் வேலை ஆம்ப்ளிஃபையருக்குப் போய்விடுகிறது. எஃகுக் கம்பி அதிரும்போது, அதன் கீழே காந்தமும் சுருளுமாக இருக்கும் பிக்கப்பில் காந்தப்புலம் மாறுகிறது, சுருளில் மின்சாரம் உண்டாகிறது, அவ்வளவுதான். உள்ளே வெற்றிடம் உள்ள கூடு தேவையில்லை என்பதோடு நிற்கவில்லை, இருந்தால் தொல்லை. ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி கூட்டை அதிரவைக்க, அது மறுபடி கம்பியை அதிரவைக்க, மேடையில் ஒரே ஊளை.

கிதார் கலைஞர் லெஸ் பால் 1940 வாக்கில் நியூயார்க்கில் எப்பிஃபோன் தொழிற்கூடத்தில் செய்த கருவியை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். நாலுக்கு நாலு அங்குலப் பைன்மரத் துண்டு ஒன்று. கம்பி, பிக்கப், கம்பிகள் உடல்மேல் அமரும் பிரிட்ஜ் எல்லாம் அதன்மேல். கிதார் மாதிரி தெரியட்டும் என்று ஒரு கூட்டுக் கிதாரை இரண்டாக அறுத்து அதன் இரு பக்கமும் பொருத்தினார். குடம் இறக்கையாகிவிட்டது, நடுவில் இருந்த துண்டுதான் கருவி. அந்த நடுத்துண்டுக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

> அப்படியானால் ‘கட்டை’ என்றே சொல்லிவிடலாமே. உடம்பையும் கட்டை என்கிறோம், பொருத்தமாக இருக்கும்.

இரண்டு இடைஞ்சல்கள். நம் ஊர் இசைக்காரர்களுக்குக் கட்டை என்றால் சுருதி. ‘நாலரைக் கட்டைக்கு இந்தக் கட்டை சரிவருமா’ என்று யாராவது எழுதினால் படிப்பவர் பாடு திண்டாட்டம்தான். இரண்டாவது இடைஞ்சல் இதைவிடப் பெரியது. கட்டை என்றதும் மரம் வந்துவிடுகிறது, மின்கிதாரோ மரத்தோடு மட்டும் கட்டுண்ட கருவி இல்லை. வெற்றிகரமாக விற்பனைக்கு வந்த முதல் மின்கிதார், 1932-ல் வந்த ரிக்கன்பேக்கரின் ‘ஃப்ரையிங் பேன்’, அலுமினியத்தில் வார்த்தது. மேடை விளக்குச் சூட்டில் அலுமினியம் விரிந்து சுருதி கலைந்தது. 1935-ல் அதே நிறுவனம் பேக்லைட் என்ற பழைய பிளாஸ்டிக்கிலும் செய்யத் தொடங்கியது. நாம் மரபு என்று நினைக்கும் ஃபெண்டரின் மரப்பலகைக் கிதார் அதற்கெல்லாம் பின்னால், 1950-ல்தான் கடைக்கு வருகிறது.

அதன் பிறகும் மரத்தோடு யாரும் நிற்கவில்லை. 1969-ல் டேன் ஆர்ம்ஸ்ட்ராங் ஆம்பெக் நிறுவனத்துக்காக வடிவமைத்தது கண்ணாடி போன்ற அக்ரிலிக் உடல். அக்ரிலிக்கின் அடர்த்தி தண்ணீரைவிடக் கூடுதல் என்பதால் தோளில் மாட்டினால் நல்ல கனம். நெட் ஸ்டைன்பெர்கர் கார்பன் இழையில் தலைப்பகுதியே இல்லாத பேஸ் கிதார் செய்தார். குயீன் இசைக்குழுவின் பிரையன் மேயும் அவர் அப்பாவும் 1963-ல் தொடங்கி வீட்டிலேயே செய்த கிதாரில் உடலுக்குப் பழைய ஓக் மேசைப் பலகை, கழுத்துக்குக் கணப்படுப்பின் மேல்சட்டம், சுருதியை அசைக்கும் ட்ரெமலோவுக்கு மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங். இப்போது வண்ணப் பென்சில்களை எபாக்ஸியில் பதித்துச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். பென்சில்களைத் துண்டாக்கி அச்சில் நெருக்கமாக நிற்கவைத்து எபாக்ஸியை ஊற்ற வேண்டும். இறுகும்போது எபாக்ஸி தானே சூடாகும். ஆழமாக ஊற்றத் தோதில்லாத வகையை ஒரே மூச்சில் ஊற்றினால் வெடிப்பு விழும், அதனால் அதை அடுக்கடுக்காக ஊற்றுவார்கள். இறுகிய பாளத்தை இழைத்தால் மேற்பரப்பு முழுக்க அறுகோணங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு நிறப்புள்ளி. கை படியும் விளிம்பைச் சரிவாகச் சீவும் இடத்தில் அந்தப் புள்ளிகள் நீண்டு முட்டை வடிவமாகிவிடும். இதைக் கட்டை என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

> திண்ணுடல் – திண்மம், திண்மை எல்லாம் பாடநூலில் உள்ளவை. சாலிட் என்பதற்கு நேர்.

இது மூன்றிலும் வலுவான முன்மொழிவு, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். திண்மம் பள்ளிப்பிள்ளைகளுக்கும் தெரிந்த சொல், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பட்டியலில் அந்தக் கட்டத்துக்குள் வரவேண்டிய கருவிகள் எல்லாம் திண்மமாக இல்லையே. 1950-களில் டேன்எலெக்ட்ரோ கிதார்கள் மேலும் கீழும் மேசோனைட் அட்டைப்பலகை, உள்ளே ஒரு மரச்சட்டம், நடுவே காற்று என்றுதான் இருந்தன. 1960-களில் வால்கோ நிறுவனம் நேஷனல், ஏர்லைன் பெயர்களில் செய்தவை ஃபைபர்கிளாஸ் ஓடுகள். 2015-ல் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஒன்றை நெளியட்டையிலேயே செய்து காட்டினார்கள். பிரையன் மேயின் கிதாரிலும் உள்ளே குழிவுகள் உண்டு. திண்ணுடல் என்றால் இவை எல்லாம் வெளியே நிற்கும், அல்லது பொய்யாக உள்ளே வரும்.

அப்படியானால் இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது? கம்பிகளின் இழுவிசையைத் தாங்குவது. வழக்கமான ஆறு கம்பித் தொகுப்பைச் சரியான சுருதிக்கு முறுக்கினால் மொத்தம் கிட்டத்தட்ட 45 கிலோ இழுக்கும். கழுத்து பொருந்தும் இடத்துக்கும் பிரிட்ஜுக்கும் நடுவில் உடல் ஒரு நூல் வளைந்தாலும் சுருதி இறங்கிவிடும். எந்தப் பொருளில் செய்பவரும் முதலில் கவலைப்படுவது இதற்குத்தான். ஓலாஃப் டீகல் முப்பரிமாண அச்சில் நைலான் பொடியால் கிதார் உடல் செய்கிறார், வலைவலையாக, உள்ளே பற்சக்கரம் சுழலும்படிகூட. ஆனால் கழுத்தையும் பிரிட்ஜையும் இணைக்க நடுவில் ஒரு மரத்துண்டு வைக்கிறார். லெஸ் பாலின் பைன் துண்டு செய்த அதே வேலை.

ஆகவே சொல் பொருளைச் சொல்ல வேண்டாம், திண்மையையும் சொல்ல வேண்டாம், வேலையைச் சொல்லட்டும். முதலில் ‘தாங்குடல்’ தான் தோன்றும். ஆனால் எழுத்தில் கண் அதைத் ‘தாங்-குடல்’ என்று பிரித்துவிடுகிறது. தாங்கி என்பது இயந்திரவியலில் பேரிங்குக்கும் போய்விட்டது. ‘ஏந்து’ அதே கருத்தை இன்னும் கனிவாகச் சொல்கிறது. விழாமல், நழுவாமல், மேலே பிடித்திருப்பதுதானே ஏந்துதல்.

என் முன்மொழிவு: ஏந்துடல். இதற்கு இணையாக, அகூஸ்டிக் கிதாரின் கூட்டுக்கு அதிருடல். இரண்டும் வினைத்தொகை, ஊறுகாய், சுடுசோறு போல. ஏந்திய உடல், ஏந்துகிற உடல், ஏந்தும் உடல் என்று மூன்று காலத்துக்கும் நிற்கும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு விளக்கமில்லாமலே புரியும்.

வாக்கியத்தில் வைத்துப் பார்க்கிறேன்:

‘அக்ரிலிக் ஏந்துடல் கனமானது.’ ‘ஏந்துடலின் தடிமன் சுமார் 45 மில்லிமீட்டர்.’ ‘டேன்எலெக்ட்ரோவின் ஏந்துடல் உள்ளே பொள்ளலானது.’ மூன்றும் தடுக்காமல் ஓடுகின்றன. உண்மையிலேயே திண்மமானதைப் பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘திண்ம ஏந்துடல்’ என்று சொல்லிக்கொள்ளலாம். நண்பர் தந்த சொல்லின் வேர் அங்கே பயன்படும்.

ஒரு மறுப்பு வரும் என்று தெரியும்: ‘ஏந்துவது மட்டும்தான் வேலை என்றால், மரத்துக்கு ஒலியில் பங்கே இல்லை என்று தீர்ப்பு எழுதுவதாகாதா?’ ஆகாது. கிதார் கலைஞர் ஜிம் லில் கம்பிகளை வெறுமனே இழுத்துக்கட்டி, உடலே இல்லாமல் ஃபெண்டரின் டெலிகாஸ்டர் கிதார் ஒலிக்கு மிக அருகில் வந்து காட்டினார். நான் அந்தச் சோதனையை மதிக்கிறேன். மரத்தின் ஒலியைக் காதால் அடையாளம் காண்போம் என்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்த வழக்கு நடக்கட்டும். இரு தரப்பும் மறுக்காத ஒரே விஷயம் உடல் கம்பியை ஏந்துகிறது என்பது, சொல் அதன்மேல் நின்றால் போதும்.

பிக்கப்புக்கு வந்த ‘அதிர்வுணரி’ பற்றித் தனி மடல் எழுதுகிறேன். இப்போதைக்கு ஒரு சொல் மட்டும்: வீணையில் ஒட்டும் கான்டாக்ட் மைக் பலகையின் அதிர்வை உணர்வது, மின்கிதாரின் பிக்கப் காந்தப்புல மாற்றத்தை உணர்வது. இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்க வேண்டாம்.

ஏந்துடல், அதிருடல் இரண்டுக்கும் எதிர்ப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள். யாழ்ப்பாணம், மட்டக்களப்புப் பக்கம் ‘ஏந்து’ என்ற வேரில் வேறு கலைச்சொல் ஏற்கெனவே பாடநூலில் இருந்தால் அதையும் தெரிவியுங்கள், பட்டியலில் ஏற்றுவதற்கு முன் பார்த்துவிடலாம்.

அன்புடன்.