மூன்று நாள் அளவுக்கு மீறி உண்டுவிட்டேன். எடைக்குறைப்பை எங்கிருந்து மீண்டும் தொடங்குவது?

மெல்லநடை எழுதியது:

கடந்த ஐந்து மாதங்களாக எடையைக் குறைத்து வருகிறேன். தொடக்கத்தில் 84 கிலோவாக இருந்த எடை, சென்ற வியாழக்கிழமை காலையில் 77.4 கிலோவாக இருந்தது. உண்பதையெல்லாம் குறிப்பேட்டில் எழுதிவைப்பது, மாலையில் நாற்பது நிமிடம் நடப்பது, இரவு உணவை எட்டு மணிக்கு முன் முடிப்பது ஆகிய மூன்றும்தான் என் முறை. வேறு பத்தியம் எதுவும் இல்லை.

வெள்ளி முதல் ஞாயிறு வரை ஒரு குடும்ப நிகழ்ச்சிக்காக உறவினர் வீட்டில் தங்க நேர்ந்தது. முதல் நாள் மாலை வரை ஓரளவு அடக்கத்தோடு இருந்தேன். அன்றிரவு இரண்டாம் முறை பரிமாறியதை மறுக்க முடியாமல் உண்டு முடித்ததும், இனிமேல் கணக்குப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றிவிட்டது. அதன்பின் ஞாயிறு இரவு வரை, பசி இருக்கிறதா இல்லையா என்றுகூடக் கவனிக்காமல் உண்டேன். ஒவ்வொரு நாளும் வழக்கத்தைவிட ஆயிரம் அல்லது ஆயிரத்து ஐந்நூறு கிலோகலோரி கூடுதலாக இருந்திருக்கலாம் என்பது என் மதிப்பீடு. குறிப்பேட்டில் அந்த மூன்று பக்கங்களும் வெறுமையாக இருக்கின்றன.

திங்கள் காலையில் எடை 79.6 கிலோ. அதைப் பார்த்த அதிர்ச்சியில் அன்று பகல் முழுவதும் தண்ணீரும் பழச்சாறும் மட்டும் குடித்தேன். மாலையில் இரண்டு மணி நேரம் நடந்தேன். ஆனால் இரவு பத்து மணிக்குச் சமையலறையில் நின்றபடியே, வழக்கமான இரவு உணவைப் போல இரண்டு மடங்கு உண்டுவிட்டேன். இன்று செவ்வாய்க்கிழமை, காலையில் எதுவும் உண்ணவில்லை. இந்த 2.2 கிலோவைக் குறைக்க எத்தனை நாள் பட்டினி இருக்க வேண்டும்? ஐந்து மாத உழைப்பு வீணாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு முதல் நாளிலிருந்து தொடங்குவதுதான் முறையா?

கணக்குப்பிள்ளை எழுதியது:

முதலில் அந்த 2.2 கிலோ எதனால் ஆனது என்று பார்த்துவிடுவோம். ஒரு கிலோ உடல் கொழுப்பு ஏறத்தாழ 7,700 கிலோகலோரிக்குச் சமம் என்பது பொதுவாகப் பயன்படும் கணக்கு. அப்படியானால் 2.2 கிலோ கொழுப்புச் சேர, உடல் செலவழித்தது போக ஏறத்தாழ 17,000 கிலோகலோரி மிஞ்சியிருக்க வேண்டும். உங்கள் மதிப்பீட்டின் மேல்வரம்பையே எடுத்துக்கொண்டாலும் மூன்று நாளில் 4,500 தான் வருகிறது. கூடுதலாக உண்ட அனைத்தும் கொழுப்பாகவே மாறிவிட்டது என்று வைத்துக்கொண்டாலும் அது 600 கிராமைத் தாண்டாது.

மீதி எங்கிருந்து வந்தது என்றால், பெரும்பகுதி தண்ணீர். நாம் உண்ணும் மாவுச்சத்தில் ஒரு பங்கைக் கல்லீரலும் தசைகளும் கிளைக்கோஜன் என்னும் வடிவில் சேமித்துவைக்கின்றன. ஒரு கிராம் கிளைக்கோஜனோடு ஏறத்தாழ மூன்று கிராம் நீரும் சேர்ந்தே தங்கும். எடையைக் குறைத்துக்கொண்டிருப்பவரின் உடலில் இந்தச் சேமிப்பு ஓரளவு குறைந்திருக்கக்கூடும். மூன்று நாள் தாராளமாக உண்டதும் அது நிரம்பிவிடும். 300 கிராம் நிரம்பினால், நீரோடு சேர்த்து எடைக்கருவியில் 1.2 கிலோ கூடுதலாகக் காட்டும். விருந்து உணவில் உப்பு மிகுதி என்பதால் அதற்கும் உடல் கொஞ்சம் நீரைப் பிடித்துவைக்கும். ஞாயிறு இரவு உண்டது திங்கள் காலையில் இன்னும் குடலில்தான் இருந்தது என்பதையும் மறக்க வேண்டாம். இவை யாவும் வழக்கமான உணவுக்குத் திரும்பினால் சில நாள்களில் தாமாகவே இறங்கிவிடும். இதற்குப் பட்டினி தேவையில்லை.

இனி உங்கள் ஐந்து மாத உழைப்புக்கு வருகிறேன். 150 நாளில் 6.6 கிலோ என்பது, சராசரியாக நாளொன்றுக்கு 340 கிலோகலோரி பற்றாக்குறையோடு நீங்கள் வாழ்ந்திருக்கிறீர்கள் என்பதைக் காட்டுகிறது. கூடுதலாக உண்ட 4,500ஐ அதே வேகத்தில் ஈடுசெய்யப் பதின்மூன்று நாள் ஆகும். ஆகவே நீங்கள் இழந்தது ஐந்து மாதம் அன்று, மிஞ்சிப்போனால் இரண்டு வாரம். கணக்கை இவ்வளவு துல்லியமாகச் சொன்னாலும், உடல் பேரேடு எழுதுவதில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் தோராயமான அளவு இதுதான்.

பழங்குறிப்பேடு எழுதியது:

மேலே உள்ள கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் நான்கு ஆண்டுகள் இதே சுழலில் கிடந்தவன் என்ற முறையில், உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த மூன்று நாள்கள் அல்ல, திங்கட்கிழமைதான்.

என் கதையும் அப்படித்தான் ஓடியது. ஒரு நாள் அளவு மீறும். மறுநாள் தண்டனையாகப் பகல் முழுவதும் வயிற்றைக் காயப்போடுவேன். இரவு ஒன்பது மணிக்கு மேல் கட்டுப்பாடு உடையும். அதற்கு அடுத்த நாள் இன்னும் கடுமையான தண்டனை. ஒரு பிறந்தநாள் விருந்தில் தொடங்கிய சறுக்கல் ஆறு வாரம் நீண்டதுண்டு. பின்னாளில் என் பழைய குறிப்பேடுகளைப் புரட்டியபோது, அந்த ஆறு வாரத்தில் விருந்து என்று சொல்லத்தக்கது ஒரே ஒரு வேளைதான் என்பதைக் கண்டேன். மற்றவை எல்லாம் பட்டினிக்குப் பின் வந்த இரவுகள். அந்த இரவுகளில் எனக்கு மன உறுதி இல்லை என்றுதான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். பதினான்கு மணி நேரம் உண்ணாதவன் இரவில் சமையலறைக்குப் போவதற்கு மன உறுதியின்மை காரணமாகாது. அது வெறும் பசி.

நீங்கள் எழுதிய இன்னொன்றையும் கவனியுங்கள். இரண்டாம் முறை பரிமாறியதை உண்டதும் ‘இனிமேல் கணக்குப் பார்த்து என்ன’ என்று தோன்றியதாகச் சொல்கிறீர்கள். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்களே, அதுதான் இது. இதை ஆய்வுக்கூடத்திலேயே பார்த்திருக்கிறார்கள். ஹெர்மன், மேக் என்னும் உளவியலாளர்கள் 1975ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்களில் சிலருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்துவிட்டு, பின்னர் சுவை பார்ப்பது என்ற பெயரில் ஐஸ்கிரீமை முன்னால் வைத்தார்கள். உணவைக் கட்டுப்படுத்தும் பழக்கம் இல்லாதவர்கள், முன்பே குடித்திருந்ததால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். கட்டுப்பாட்டோடு இருந்தவர்களோ, மில்க் ஷேக் குடித்திருந்தால், அதைக் குடிக்காத கட்டுப்பாட்டாளர்களைவிட அதிகமாக உண்டார்கள். பிறகு வந்த ஆய்வுகளில், உண்டதில் உண்மையாக எவ்வளவு கலோரி இருந்தது என்பதைவிட, ‘நான் வரம்பை மீறிவிட்டேன்’ என்ற நினைப்பே இதைத் தூண்டுகிறது என்பதும் தெரியவந்தது. உங்களுக்கு நிகழ்ந்தது உங்களுடைய தனிப்பட்ட குறையன்று.

அதனால் நான் சொல்வது இவ்வளவுதான்: எத்தனை நாள் பட்டினி என்று கேட்காதீர்கள்; அடுத்த வேளை என்ன என்று கேளுங்கள். இதைப் படிக்கும்போது மதியம் ஆகியிருந்தால், வழக்கமாக நீங்கள் குறிப்பேட்டில் எழுதும் மதிய உணவை, அதே அளவில், உட்கார்ந்து உண்ணுங்கள். மாலையில் வழக்கமான நாற்பது நிமிடம் மட்டும் நடங்கள். இரண்டு மணி நேரம் வேண்டாம். உங்கள் எடையில் ஒரு மணி நேர நடைக்கு 250 முதல் 300 கிலோகலோரி செலவானாலே அதிகம், அதோடு அலுப்பையும் வீட்டுக்குக் கொண்டுவருவீர்கள். வரும் திங்கள் வரை எடைக்கருவியைக் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிடுங்கள். என்னுடையதை என் மனைவி துணி அலமாரியின் மேல்தட்டில் ஒளித்துவைத்தாள். ஏணி போட்டு ஏறத் தயங்கியதால்தான் நான் பிழைத்தேன்.

ஒற்றைவேளை எழுதியது:

எனக்கு இதில் சிறு மாற்றுக்கருத்து உண்டு. அளவுக்கு மீறி உண்ட மறுநாள் காலையில் எனக்குப் பசியே எடுப்பதில்லை. பசி இல்லாதபோது ‘வழக்கமான வேளை’ என்பதற்காக மட்டும் உண்ண வேண்டுமா? நான் அன்று காலை உணவைத் தள்ளிப்போட்டு, அடுத்த ஒரு வாரத்துக்கு நாளொன்றுக்கு 150 கிலோகலோரி அளவுக்குக் குறைத்துக்கொள்வேன். மூன்று ஆண்டுகளாக எடை ஏறாமல் இருக்கிறது. ஈடுசெய்வதையே குற்றமாகச் சொல்வது சரியாகப் படவில்லை.

பழங்குறிப்பேடு எழுதியது:

நீங்கள் சொல்வது நியாயம்தான். பசியில்லாமல் ஒரு வேளையைத் தள்ளிப்போடுவதும், பசிக்கப் பசிக்கத் தண்டனையாகப் பட்டினி கிடப்பதும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும் வேறு வேறு. அன்றிரவு என்ன நடக்கிறது என்பதை வைத்துத்தான் இரண்டையும் பிரித்தறிய முடியும். உங்களுக்கு இரவு அமைதியாகக் கழிகிறது. கேள்வி கேட்டவருக்கு அப்படிக் கழியவில்லை.

இரவுப்பணி எழுதியது:

நான் செவிலியாகப் பணிபுரிகிறேன். மேலே யாரும் தொடாத இரண்டு செய்திகளை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

இன்சுலினோ, சர்க்கரையைக் குறைக்கும் சில வகை மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவர்கள், மருந்தை வழக்கம்போல் எடுத்துக்கொண்டு உணவைத் தவிர்த்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும். நீரிழிவு உள்ள எவரும் மருத்துவரைக் கேட்காமல் இவ்வகை ‘ஈடுசெய்யும்’ பட்டினியில் இறங்கக் கூடாது.

இரண்டாவது, விருந்தில் அளவு மீறுவதையும் கட்டுப்பாடின்றி உண்ணும் கோளாறையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013ஆம் ஆண்டு அதைத் தனியொரு நோயாக வகைப்படுத்தியது. குறுகிய நேரத்தில் மிகப் பெரிய அளவில் உண்பதும், அவ்வேளையில் நிறுத்த இயலாது என்ற உணர்வும், சராசரியாக வாரத்துக்கு ஒரு முறையேனும் மூன்று மாதங்களுக்குத் தொடர்வது அதன் அளவுகோல்களுள் அடங்கும். வயிறு வலிக்கும்வரை விரைந்து உண்பது, வெட்கத்தால் தனிமையில் உண்பது, பின்னர் தன்மீதே அருவருப்புக் கொள்வது ஆகியவை உடன் காணப்படும் அறிகுறிகள். உண்டதை வாந்தியெடுத்து வெளியேற்றும் பழக்கமும் சேர்ந்தால் அது புலிமியா என்னும் வேறொரு கோளாறாக இருக்கக்கூடும். இதற்குச் சிகிச்சை உண்டு, பலரும் குணமடைகிறார்கள். கேள்வி கேட்டவருக்கு இது இருப்பதாக நான் சொல்லவில்லை. ஆனால் நின்றபடியே உண்ட அந்த இரவு போன்றவை வாரந்தோறும் வரத் தொடங்கினால், உணவுப் பட்டியலை மாற்றிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள்.

மெல்லநடை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. செவ்வாய் மதியமே வழக்கமான உணவை உண்டேன். உண்மையைச் சொன்னால், தட்டின் முன் உட்காரும்போது ஏதோ தவறு செய்வது போலத்தான் இருந்தது. அன்றிரவு சமையலறைப் பக்கம் போகத் தோன்றவில்லை. எனக்கு நீரிழிவு இல்லை. அப்படி நின்றுகொண்டு உண்டதும் அந்த ஓர் இரவுதான், இருப்பினும் செவிலி அவர்களின் சொல்லை மனத்தில் வைத்திருக்கிறேன். இன்று, திங்கட்கிழமை, எடை 77.9 கிலோ. கணக்குப்பிள்ளை சொன்னபடி அரைக் கிலோதான் மிச்சம்.

ஒரேயொரு கேள்வி மட்டும் இருக்கிறது. அந்த மூன்று வெற்றுப் பக்கங்களையும் நினைவிலிருந்து நிரப்ப வேண்டுமா, அப்படியே விட்டுவிடலாமா?

கணக்குப்பிள்ளை எழுதியது:

கலோரியை நிரப்ப முயல வேண்டாம். இத்தனை நாள் கழித்து எழுதுவது கற்பனையாகத்தான் இருக்கும். எந்த நேரத்தில் என்ன உண்டீர்கள் என்பதை மட்டும், நினைவில் இருக்கும் அளவுக்கு, வேளைக்கு ஒரு வரியாக எழுதுங்கள்.

மெல்லநடை எழுதியது:

எழுதிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமைப் பக்கத்தின் முதல் வரியே எனக்கு வியப்பாக இருந்தது: காலை உணவு இல்லை. மாலை விருந்துக்கு இடம் வைத்துக்கொள்வதாக எண்ணிக் காலையிலும் எதுவும் உண்ணவில்லை, மதியத்திலும் பெயருக்குத்தான் கொறித்தேன். அதைத்தான் மேலே ‘அடக்கத்தோடு இருந்தேன்’ என்று எழுதியிருக்கிறேன். அடுத்த மாதம் இன்னொரு நிகழ்ச்சி வருகிறது. அன்று காலை உண்டுவிட்டுத்தான் கிளம்புவதாக இருக்கிறேன்.